வெள்ளைச் சேலையின் ஓரத்தில் இருந்த எழுத்து

ஆண்டவருக்குள் அன்பான உறவினர்களுக்கும், பங்கு மக்களுக்கும், உப்பளம் தெருவாருக்கும் வணக்கம். அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் பங்குச் சாமியார் அக்காவின் தொண்டுகளைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார். அடுத்து, அக்காவின் ஒரே மகள் செலின் பிரான்சிலிருந்து எழுதியனுப்பியது இருக்கிறது. கூடப்பிறந்தவள் என்ற முறையில் என்னையும் எழுதச் சொன்னார்கள். எனக்கு எழுத வராது. காலமெல்லாம் தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, "நம்பர் சொல்லுங்க" என்று கேட்டே ரிட்டையர் ஆனவள் நான். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

அடக்கத்தன்று நீங்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்தீர்கள். ஒன்று, நான் அழவில்லை. மற்றொன்று, பெட்டியில் அக்கா உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் முந்தானை ஓரத்தில் சிவப்பு நூலில் ஓர் எழுத்து தைத்திருந்தது. அது அக்காவின் பெயரெழுத்து அல்ல, என்னுடையது. "ஊருக்கெல்லாம் புதுப்புடவை கட்டி அனுப்பினவளுக்கு, தங்கச்சிக்காரி தன் பழைய புடவையச் சுத்தி அனுப்பிட்டா" என்று கோயில் வாசலில் ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. யார் என்று எனக்குத் தெரியும். பெயரை எழுதினால் அக்கா திட்டுவார், அதனால் விட்டுவிடுகிறேன். நடந்தது என்ன என்று மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது உப்பளத்தில், பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த ஓட்டு வீட்டில், பிரெஞ்சுக்காரர் காலத்தில். அப்பாவுக்குப் பஞ்சாலையில் வேலை. மில் சங்கு ஊதுவதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பதும் விளக்கு அணைப்பதும். அக்கா பிறந்து ஆறு வருடம் கழித்து நான். நடுவில் பிறந்த இரண்டு பேர் தங்கவில்லை. எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் சில இருந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெளியூரிலிருந்து வந்த மருமக்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போனார்கள். அக்கா கன்னியர் மடத்துத் தையல் கூடத்துக்குப் போனார்.

அங்கே இருந்த மாசேர், அதாவது பிரான்சிலிருந்து வந்த கன்னியாஸ்திரி, எல்லாத் துணியிலும் ஓரத்தில் சிவப்பு நூலால் உரியவர் பெயரின் முதல் எழுத்தைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார். சின்னச் சின்னப் பெருக்கல் குறிகளாகப் போட்டுக்கொண்டே போனால் எழுத்து வந்துவிடும். விடுதிப் பிள்ளைகளின் துணி வண்ணானிடம் போய்க் கலந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. அக்காவுக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. எங்கள் வீட்டில் துண்டு, தலையணை உறை, என் பாவாடை, அப்பாவின் கைக்குட்டை, எதுவும் தப்பாது. அடுத்த வீட்டுப் பிலோமி, "உங்க வீட்டுப் பூனை வாலப் பாத்தேன்கா, எழுத்து இல்லியே?" என்று கேலி செய்வாள். நானும் அதே தையல் கூடத்தில் சேர்ந்தேன். இரண்டாவது மாதமே மாசேர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் கைக்கு ஊசி வராது.

என் பன்னிரண்டாவது வயதில் அம்மா இறந்தார். விஷக்காய்ச்சல், எட்டு நாள். மார்கழி மாதம். குளிப்பாட்டப் பக்கத்துத் தெருவிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை அப்படியே தூக்கி ஊற்றினார்கள். "பச்சத்தண்ணி ஊத்தாதீங்க, அம்மாவுக்குக் குளிரும்" என்று அக்கா கத்தினார். "செத்தவளுக்கு இன்னாடி குளிரு?" என்று ஒருத்தி சிரித்தாள். கையை மடக்க வரவில்லை என்று இன்னொருத்தி பிடித்து முறுக்கினாள். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததும் ஓடிவிட்டேன். துறைமுகப் பாலத்துக்குக் கீழே மணலில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெட்டி மூடுகிற நேரத்துக்குத்தான் யாரோ என்னைக் கண்டுபிடித்து இழுத்து வந்தார்கள். அக்கா அந்த அறையை விட்டு நகரவில்லை. பதினெட்டு வயதுப் பெண் அந்தப் பெண்களைத் தள்ளிவிட்டு, தானே அடுப்பு மூட்டி, வெந்நீர் போட்டு, அம்மாவுக்குத் தலை சீவி விட்டாராம். நான் ஓடிப்போனதைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அந்த மாதமே தெருக்கோடியில் ஒரு கிழவி இறந்தபோது அக்கா ஒரு குண்டான் வெந்நீரோடு போய் நின்றார். அதன்பிறகு இறந்த பெண்களைக் குளிப்பாட்டப் போவதை நிறுத்தவேயில்லை. மாமாவைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகும் போனார், செலினை வயிற்றில் சுமந்தபோதும் போனார். மில்லில் பஞ்சுத்தூசி நெஞ்சில் அடைத்து மாமா இறந்தபோது செலினுக்கு ஒன்பது வயது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா பிள்ளையோடு என்னிடமே வந்துவிட்டார். தையல் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைத்துத்தான் செலினைப் படிக்க வைத்தார். துணி வாங்க வழியில்லாத பிள்ளைக்கும் கவுன் உண்டு. அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு லேஸ் வைத்துத் தைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போய் யாருமில்லாத நோயாளிகளுக்குத் தலை வாரிவிடுவது, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு நன்மை கொடுக்கச் சாமியாரை அழைத்துப் போவது, அன்பியம் என்கிற தெரு ஜெபக் கூட்டத்துக்கு வராதவர் வீட்டுக்கே போய் ஜெபமாலை சொல்லுவது என்று சாமியார் எழுதியிருப்பது எல்லாம் உண்மைதான். அந்தப் பட்டியலை நான் திரும்பப் போடவில்லை.

எனக்கு வேலை காரணமாக வீட்டில் தொலைபேசி சீக்கிரமே வந்துவிட்டது. அது என் பெயரில் இருந்தாலும் வந்ததெல்லாம் அக்காவுக்குத்தான். மணி அடித்தால் எடுப்பேன். எதிர்ப்பக்கத்துக் குரலிலேயே சாவுச் செய்தி என்று தெரிந்துவிடும். "அக்கா, உனக்குத்தான்" என்று கருவியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அக்கா யார் வீடு என்று மட்டும் கேட்பார். கட்டிலுக்கு அடியிலிருந்த பழுப்பு நிற ரெக்சின் பெட்டியை எடுத்துக்கொண்டு பிலோமியைக் கூப்பிடுவார். பெட்டிக்குள் சீப்பு, பஞ்சு, தாடை கட்ட ஒரு துணி, ஒரு சிலுவை, மெழுகுவர்த்தி, ஓதெ கோலோன் என்கிற வாசனைத் தண்ணீர்ப் புட்டி. அதற்கும் அடியில், பழைய செய்தித்தாளில் சுற்றி, அக்கா தனக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சேலையும் ரவிக்கையும். ஓரத்தில் சிவப்பு நூலில் அவருடைய எழுத்து.

அந்தச் சேலை அவருக்கென்று ஒரு நாளும் தங்கியதில்லை. போன வீட்டில் இறந்தவளுக்குக் கிழிசல்தான் இருக்கிறது என்றால், பெட்டியின் அடியிலிருந்து அது வெளியே வரும். எழுத்தைப் பிரித்தெடுத்துவிட்டு அவளுக்கு உடுத்திவிடுவார். பிறகு தனக்குப் புதிதாக ஒன்று வாங்கி, எழுத்துத் தைத்து வைப்பார். அதுவும் போகும். "உனக்குன்னு ஒண்ணு இருக்க வேணாமா?" என்று கேட்டால், "எனக்கு இப்ப இன்னா அவசரம்?" என்பார்.

நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மலரில் நல்லதை மட்டும் எழுதினால் அது பொய். அக்கா அப்படிப் போய்விட்டு வந்த நாட்களில் நான் அவர் கையால் காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. பின்வாசலில் தனிச் சோப்பு வைத்திருந்தேன். "அங்கியே நில்லு, குளிச்சிட்டு உள்ள வா" என்பேன். "சரி மகாராணி" என்று சொல்லிவிட்டு நிற்பார். அன்றைக்குச் சமையல் நான்தான். உப்பில்லாத ரசம். அதையும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவார்.

பிலோமி ஒருமுறை சாவு வீட்டு அறைக்குள் நடப்பதை என்னிடம் சொன்னாள். பெண்கள் மட்டும்தான் உள்ளே. கதவைச் சாத்திவிடுவார்கள். முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீரின் சூட்டைச் சரிபார்ப்பார் அக்கா, குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி. இறந்தவளிடம் பேசிக்கொண்டே இருப்பாராம். "கையக் கொஞ்சம் தூக்குமா. அவ்ளோதான். இந்தப் பக்கம் திரும்பிக்க." ரவிக்கை போட வராவிட்டால் முதுகுப்பக்கம் நடுவில் கத்தரித்துவிட்டு முன்பக்கமாக மாட்டுவார். படுத்திருப்பவள் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள்? அங்கே ஒரே ஒரு சட்டம்தான். யாராவது அழ ஆரம்பித்தால், "அழறவங்க வெளிய போயி அழுங்க. இங்க வேலை இருக்குது" என்று சொல்லிவிடுவார். மகளாக இருந்தாலும் அதேதான்.

நான் ரிட்டையர் ஆன அன்று சாயங்காலம் மாலையோடும் ஒரு சுவர்க்கடிகாரத்தோடும் வீட்டுக்கு வந்தேன். அக்கா ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்தார். பட்டுப்புடவை என்றுதான் நினைத்தேன், அத்தனை கனமாக இருந்தது. பிரித்தால் வெள்ளைச் சேலை. என் அளவுக்குத் தைத்த ரவிக்கை. ஓரத்தில் சிவப்பு நூலில் என் எழுத்து.

"இன்னாக்கா இது?"

"நல்ல துணி ரொசாலி. தொட்டுப் பாரு, எவ்ளோ மெத்துன்னு இருக்குது."

"ரிட்டையர் ஆயி ஒரு நாள்கூட ஆவல. அதுக்குள்ள எனக்குச் சாவுப்புடவையா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"இப்பவே போவச் சொல்லலடி. இருக்கட்டும்னுதான். உனக்குன்னு யாரு எடுத்து வைப்பா?"

கடைசியாகச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொட்டலத்தை அவர் மேலேயே எறிந்தேன். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவரே அதைக் கொண்டுவந்து என் கட்டிலில் வைத்தார். அடுத்த வாரம், "அத எவளுக்கோ குடுத்துட்டேன், தொல்லை விட்டுது" என்று சொன்னேன். அக்கா, "நல்ல காரியம்" என்றார். நான் கொடுக்கவில்லை. என் இரும்புப் பெட்டியில் ஆபீஸ் காகிதங்களுக்கு அடியில் தள்ளிப் பூட்டி வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் ஊருக்குள் வந்த வருடம் உங்கள் எல்லாருக்கும் நினைவிருக்கும். அக்கா காலைப் பூசைக்குக் கட்டிய புடவையோடு, பிலோமியைக் கூட்டிக்கொண்டு வடக்கே பிள்ளைச்சாவடிப் பக்கம் போய்விட்டார். குளிப்பாட்டுவதற்கெல்லாம் நேரம் இல்லை, குழிதான் அவசரம் என்று அங்கே சொன்னார்களாம். முகத்தை மட்டுமாவது துடைத்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு வெந்நீரோடு உட்கார்ந்தாராம். பெட்டியின் அடியிலிருந்த தன் வெள்ளைச் சேலையை எடுத்துத் துண்டு துண்டாகக் கத்தரித்தாராம். பிள்ளைகளுக்கு முழுச்சேலை எதற்கு என்றாராம். எல்லாம் பிலோமி சொன்னதுதான். அக்கா அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. மூன்றாம் நாள் வந்து பின்வாசலில் நின்றார். நான் சோப்பை எடுத்துக் கொடுத்தேன். அன்றைக்காவது உள்ளே கூப்பிட்டிருக்கலாம்.

போன வருடம் அக்காவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அதற்கு இரண்டு வாரம் முன்புகூட, ஒரு சொல்தா வீட்டில் குசினியில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்தோணியம்மாள் இறந்ததற்கு, மூச்சிரைக்க இரைக்கப் போய்விட்டு வந்தவர்தான். ஆஸ்பத்திரியில் ஒரு பிற்பகல், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னார்:

"எனக்கு நீதான்டி பண்ணணும்."

எது என்று நான் கேட்கவில்லை. "எனக்குப் பயம். பிலோமிகிட்ட சொல்லு" என்றேன்.

"பிலோமி கூட இருப்பா. கை உன்னதா இருக்கணும்."

"சேசுவே, உனக்கு வேற பேச்சே கிடையாதா? பயமா இருக்குதுன்னு சொல்றேன் இல்ல?"

"பயப்படு. பயந்துகிட்டே பண்ணு" என்றார். பிறகு, "ஆரஞ்சுல கொட்டைய எடுத்துட்டுக் குடு" என்றார். கொட்டையை எடுத்துக் கொடுத்தேன்.

வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று டாக்டர் சொன்னதன் அர்த்தம் எங்கள் இருவருக்குமே தெரியும். சாமியார் வந்து எண்ணெய் பூசி நோயில்பூசுதல் கொடுத்தார். அதற்கு மறுநாள், முற்பகல் பதினொரு மணி இருக்கும். அக்கா கண்ணைத் திறந்து, "அடுப்புல பால் பொங்குது பாரு" என்றார். ஓடினேன். பால் உண்மையாகவே பொங்கி விளிம்புக்கு வந்திருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அணைச்சிட்டேன்கா" என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன். பிறகு போய்ப் பாலை வேறு பாத்திரத்தில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடினேன். அது எதற்கு என்று இன்றைக்கு வரை புரியவில்லை. அதன்பிறகுதான் பிலோமியைக் கூப்பிட்டேன்.

செலினுக்குத் தொலைபேசி செய்தேன். என் குரல் ஆபீஸ் குரலாக இருந்தது. "பாண்டிச்சேரியிலேருந்து பேசுறேன். அம்மா தவறிட்டாங்க. காலைல பதினொரு மணிக்கு." அவள் அழுதாள். நான் விமானம் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேட்டேன். மறுநாள் காலையில்தான் வர முடியும் என்றாள். அதுவரை ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும், அதற்குள் குளிப்பாட்டி உடுத்திவிட வேண்டும்.

பிலோமி வெந்நீர் போட்டுவிட்டு வந்து, "நீங்க வெளிய இருங்கக்கா, நான் பாத்துக்கறேன். எனக்குத்தான் உங்களப் பத்தித் தெரியுமே" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். பின்வாசல் திறந்திருந்தது. அங்கிருந்து துறைமுகத்துக்குப் பத்து நிமிட நடைதான். நான் கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீருக்குள் முழங்கையை விட்டேன். சூடு அதிகம். ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் கலந்தேன்.

என்ன செய்வது என்று தெரியாமல், பிலோமி சொல்லியிருந்தது நினைவுக்கு வர, "அக்கா, கையத் தூக்கு" என்றேன். பிடித்ததும் கை லேசாக வந்தது. இன்னும் சூடு ஆறவில்லை. என் பேச்சை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. இடது ஆள்காட்டி விரலின் நுனி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போயிருந்தது. அத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அதை நான் தொட்டுப் பார்த்ததில்லை. சோப்புப் போட்டு அலம்பினேன். பின்வாசலில் இருந்த அதே சோப்பு.

துடைத்து முடித்து, பிலோமி ரெக்சின் பெட்டியைத் திறந்தாள். எல்லாம் இருந்தது. அடியில் செய்தித்தாள் மட்டும் இருந்தது. சேலை இல்லை.

"மாதாவே! அந்தோணியம்மாளுக்குக் கட்டிட்டாங்கக்கா" என்று பிலோமி தலையில் கை வைத்தாள். "புதுசு வாங்கணும்னு சொல்லிகினே இருந்தாங்க. அதுக்குள்ள ஆஸ்பத்திரி." அன்று ஞாயிறு. கடைகள் அடைத்திருந்தன. "வேற வெள்ளப்புடவை எதனா அலமாரில இருக்கும், பாக்கறேன்" என்று எழுந்தாள். "ஈரத்தோட வெச்சிருக்காத, போத்திவிடு" என்று சொல்லிவிட்டு நான் என் அறைக்குப் போய் இரும்புப் பெட்டியைத் திறந்தேன்.

பொட்டலம் ஆபீஸ் காகிதங்களுக்கு அடியில் அப்படியே இருந்தது. பிரித்தேன். சேலையின் மடிப்புக்குள் அந்துருண்டைகள். வெள்ளையாக, உருண்டையாக, நேற்று வைத்தது போல் வாசனையோடு இருந்தன. நான் அந்தப் பெட்டியில் ஒரு நாளும் அந்துருண்டை போட்டதில்லை. அதன் சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவர் வீட்டில் இன்னொருவர்தான். தொல்லை விட்டது என்று நான் பொய் சொன்ன அன்றிலிருந்து, கரையக் கரையப் புதிதாகப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

ரவிக்கை என் அளவு. அக்கா என்னைவிடப் பருமன். முதுகுப்பக்கம் நடுவில் கத்தரித்தேன். கோணலாகப் போயிற்று. சேலையை உடுத்தினோம். முந்தானை முனையை இடுப்புப் பக்கம் உள்ளே மடித்துவிடுவதுதான் அக்காவின் வழக்கமாம். எனக்கு அது தெரியாது. பிலோமிக்கோ கண்ணே தெரியவில்லை, அந்த அளவுக்கு அழுதுகொண்டிருந்தாள். முனை மேலே, ஜெபமாலை சுற்றிய கைகளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. அப்படித்தான் நீங்கள் எல்லாரும் அதைப் பார்த்தீர்கள். நான் ஒரு தடவை பிலோமியிடம், "அழுறதுன்னா வெளிய போயி அழு. இங்க வேலை இருக்குது" என்று சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆக, நான் ஏன் அழவில்லை என்று கேட்டவர்களுக்குப் பதில் அதுதான். அந்த அறையில் அழக்கூடாது. வெளியே வந்த பிறகு அழலாம் என்றிருந்தேன். வந்த பிறகு, வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. ஒரு வருடமாகக் காலையில் எழுந்து இரண்டு பேருக்குக் காப்பி போட்டு, ஒன்றைக் கொட்டுகிறேன். கொட்டும்போதும் ஒன்றும் தோன்றுவதில்லை.

செலின் மறுநாள் வந்தாள். அம்மாவின் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு நிமிர்ந்தவள் அந்த எழுத்தைப் பார்த்தாள். "சித்தி, இது உங்க எழுத்தாச்சே" என்றாள். "ஆமாம், உங்கம்மா தச்சதுதான்" என்றேன். வேறு எதுவும் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் அரியாங்குப்பத்து அத்தை விடவில்லை. அப்பாவின் தங்கை, எண்பதைத் தாண்டியவர். "அடிப்பாவி, உன் எழுத்து குழிக்குள்ள போவுதேடி! இனி உன்ன இழுத்துக்காம விடுமா? கத்தரியக் குடு, நான் பிரிச்சுடறேன்" என்று பெட்டி மேல் குனிந்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். பெரியவரிடம் அப்படி நடந்துகொண்டது தவறு. இந்த மலர் வழியாக அத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு வருடம் ஆகிவிட்டது அத்தை. நான் இருக்கிறேன். ரசத்தில் இப்போதும் உப்பு இல்லை.

அக்காவைக் கடைசி நாட்களில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், பெயர் கேட்டும் சொல்லாமல் சிரித்துவிட்டுப் போன அந்தத் தாதிப் பெண்ணுக்கும், கடைசி நேரத்தில் ஆறுதலாக இருந்த பங்குச் சாமியாருக்கும், வெயிலில் கல்லறை வரை நடந்து வந்த அன்பியத்துப் பெண்களுக்கும், சொல்லாமலே பந்தல் போட்டுத் தந்த தெருப் பிள்ளைகளுக்கும், அழைக்காமலே வந்து நின்ற என் தொலைபேசி நிலையத்துத் தோழிகளுக்கும், அக்கா குளிப்பாட்டி அனுப்பியவர்களின் வீடுகளிலிருந்து, எங்களுக்கு முகம்கூடத் தெரியாமல், வந்து வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பிலோமிக்கு நன்றி சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். சொல்லிவிட்டேன், கோபப்படட்டும்.

இன்னும் ஒன்று உண்டு. கல்லறைத் திருநாளுக்கு முந்திய வாரம் கடைக்குப் போய் எனக்கென்று ஒரு வெள்ளைச் சேலை வாங்கினேன். மெத்தென்று இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். அக்காவின் தையல் டப்பாவைத் திறந்து, சிவப்பு நூல் எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மாசேர் வேண்டாமென்று அனுப்பிய கை, ஒரு எழுத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. கோணல்மாணலாக இருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது. என் எழுத்தைத் தைக்கவில்லை. அது அக்காவோடு போய்விட்டது. அக்காவின் எழுத்தைத் தைத்திருக்கிறேன்.

சேலை இப்போது பழுப்புப் பெட்டியின் அடியில் இருக்கிறது. அந்துருண்டை போட்டிருக்கிறேன். பிலோமியிடம் விவரமாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தண்ணீரில் முழங்கையை விட்டுப் பார். உள்ளே அழாதே. அந்த எழுத்தை மட்டும் மடித்து மறைத்துவிடாதே, எல்லாரும் பார்க்கட்டும்.